கணக்குக் கேட்டவர்கள்



பாறசாலையிலிருந்து ஓர் அன்பர் எழுதிய அஞ்சலட்டை சென்ற திங்கள் நம் சங்கத்திற்கு வந்தது. அதில் அவர் கேட்டிருந்தது இது: "தேர்தலில் நிற்பவர் தமக்குள்ள சொத்து, கடன், வழக்கு ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அதனைக் கொண்டுவந்த கட்சி எது? அந்த ஒரு நற்செயலுக்காகவே என் வாக்கை அக்கட்சிக்கு அளிக்க எண்ணுகிறேன்."

அன்பரின் எண்ணம் நல்லதே. ஆனால் அவருடைய வாக்கைப் பெற உரிமையுடைய கட்சி எதுவும் இல்லை. அவ்விதியைக் கொண்டுவந்தது எக்கட்சியும் அன்று. ஒன்றையொன்று நாள்தோறும் ஏசிக்கொள்ளும் கட்சிகள் பலவும் ஒன்றாய் நின்று அதனை எதிர்த்தன. கொண்டுவந்தவர்கள் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள் சிலர். அவர்களுக்கு முன்னும் பின்னும் துணை நின்றவர்கள் ஓய்வுபெற்ற அலுவலர்கள், வழக்கறிஞர்கள், ஒரு கடற்படை அதிகாரி, ஒரு பத்திரிகைப் பெண்மணி. அவர்களைப் பற்றி இம்மாதம் எழுதுவது தகும் என்று தோன்றிற்று.

அதற்கு முன் எங்கள் ரயில்வேயில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சாளரத்தில் அமர்ந்து பயணச்சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா, பணியைத் தொடங்குமுன், தம் சட்டைப்பையில் சொந்தப் பணம் எவ்வளவு உள்ளது என்பதை அதற்கென வைத்துள்ள பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சோதனை அதிகாரி வந்தால் பெட்டியிலுள்ள பணத்தையும் பையிலுள்ள பணத்தையும் தனித்தனியே எண்ணுவார். எழுதியதற்கு மேல் ஒரு நோட்டு இருந்தாலும் விளக்கம் சொல்லியாக வேண்டும். இதனை எங்களுள் எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. பிறர் பணம் கைமாறும் இடத்தில் அமர்பவன் தன் பணத்தை முன்கூட்டியே காட்டிவிடுவது, பொதுமக்களுக்கு மட்டுமன்றி அவனுக்கும் காப்பேயாகும்.

ஒரு சிற்றூர் நிலையத்தின் சாளரத்திற்கே இத்தனை காவல் இருக்கிறது. நாட்டின் வரவு செலவு முழுவதையும் தீர்மானிக்கும் மன்றங்களில் அமரப் போகிறவரோ, சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும், தம் பையில் உள்ளதை வாக்காளருக்கு எழுதிக் காட்ட வேண்டிய கடமை இல்லாதவராய் இருந்தார். அவருடைய கட்சியின் பைக்குள் யார் எவ்வளவு போட்டார் என்பதோ அதனினும் பெரிய மறைபொருள்.

பழைய கதை

இக்குறை அறியப்படாதது அன்று. தொழில் நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது மக்களாட்சிக்கு ஆபத்தை விளைவிக்கும் என்று 1957ஆம் ஆண்டிலேயே பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா எச்சரித்தார். 1969இல் அத்தகைய நன்கொடைகள் தடை செய்யப்பட்டன. தடையினால் பணம் நின்றதா எனின், இல்லை. முன்வாசலில் வந்த பணம் கொல்லை வழியே வரலாயிற்று. 1985இல் அத்தடையும் நீக்கப்பட்டது.

வேட்பாளர் இவ்வளவுதான் செலவிடலாம் என்று சட்டத்தில் வரம்பு உண்டு. வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவும் அவ்வரம்பிற்குள் அடங்கும் என்று 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் மை உலருமுன்னே, அந்த ஆண்டிலேயே, கட்சியின் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது என்று சட்டம் திருத்தப்பட்டது. வேலி அடைத்த அன்றே திட்டிவாசலும் வைத்தாகிவிட்டது. இன்றளவும் வேட்பாளருக்கு வரம்பு உண்டு. கட்சிக்கு வரம்பு இல்லை.

இந்நிலையில் முதலில் குரல் எழுப்பிய தொண்டர்களுள் ஒருவர் எச். டி. ஷோரி. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1980இல் "காமன் காஸ்" என்னும் பொதுநல அமைப்பை நிறுவியவர். நம் சங்கத்திலுள்ள ஓய்வூதியக்காரர்கள் இப்பெயரை அறிந்திருத்தல் நன்று. பழைய ஓய்வூதியக்காரர், புதிய ஓய்வூதியக்காரர் என்று வேறுபாடு காட்டலாகாது என 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த நகாரா வழக்கின் தீர்ப்பில், அவருடைய அமைப்பும் ஒரு மனுதாரர். அந்நாளையே ஓய்வூதியக்காரர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அவ்வமைப்புத்தான் கட்சிகளின் கணக்கையும் கேட்டது. கட்சிகள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தே தீர வேண்டும் என்ற தீர்ப்பு 1996இல் கிடைத்தது. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் கட்சிகள் அச்சட்டத்தின்படி கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கே ஓர் ஓய்வூதியக்காரர் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது!

ஆசிரியர்கள் தொடுத்த வழக்கு

1999ஆம் ஆண்டு அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர்கள் சிலர் கூடி, ஏ.டி.ஆர். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினர். திரிலோசன் சாஸ்திரி, ஜகதீப் சோக்கர், அஜித் ரானடே ஆகியோர் அத்தொடக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுள் எவரும் தேர்தலில் நிற்கவில்லை, கொடி பிடிக்கவில்லை. வாக்களிக்கப் போகும் குடிமகனுக்கு, வாக்குக் கேட்பவர் யார் என்று அறிய உரிமை உண்டா இல்லையா என்ற ஒரே வினாவோடு தில்லி உயர்நீதிமன்றத்தின் வாயிலை மிதித்தனர்.

2000ஆம் ஆண்டு நவம்பர் 2 அன்று, உரிமை உண்டு என்று அம்மன்றம் கூறிற்று. மத்திய அரசு அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும், உரிமை உண்டு என்றே தீர்ப்பளித்தது. பெற்ற தண்டனை, நிலுவையிலுள்ள குற்ற வழக்கு, தம்முடையதும் துணைவருடையதும் சார்ந்திருப்போருடையதுமான சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை வேட்பாளர் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இதன் பின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. கட்சிகள் கூடிப் பேசின. தீர்ப்பின் பெரும்பகுதியைப் பயனற்றதாக்கும் அவசரச் சட்டம் ஒன்று உருவாயிற்று. அது குடியரசுத் தலைவரின் கையொப்பத்திற்குச் சென்றது. அப்பதவியில் அமர்ந்து ஒரு திங்கள்கூட ஆகாத நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அதனைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மீண்டும் அதனையே அனுப்பிற்று. மீண்டும் அனுப்பப்பட்டால் கையொப்பமிடுவதே அரசியல் அமைப்பின் முறையாதலின், 2002 ஆகஸ்டு 24 அன்று அவர் கையொப்பமிட்டார். பின்னர் அது சட்டமாகவும் ஆயிற்று. எந்த நீதிமன்றம் எத்தீர்ப்புக் கூறியிருந்தாலும், இச்சட்டம் கேட்பதற்கு மேல் வேட்பாளர் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று அதில் ஒரு பிரிவு.

ஆசிரியர்கள் சோர்ந்து வீட்டில் அமரவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலிய அமைப்புகளோடு சேர்ந்து மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2003 மார்ச் 13 அன்று அப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இன்று தேர்தல் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் உறுதிமொழிப் பத்திரம் இவ்வாறு வந்ததே. நம் அன்பர் கேட்ட விதியின் பிறப்பு வரலாறு இது.

வழக்கை வென்றதோடு அவர்கள் வேலை முடியவில்லை. 2002இல் குஜராத்துச் சட்டமன்றத் தேர்தலில் தொடங்கி, வேட்பாளர்கள் எழுதிக் கொடுத்த தாள்களை ஒவ்வொன்றாய்ப் படித்து, கூட்டி, அட்டவணை இட்டு மக்களுக்கு வழங்கலாயினர். புகழ் தரும் வேலையன்று அது. ஆயிரக்கணக்கான தாள்களில் கோணல் கையெழுத்தில் உள்ள எண்களைப் படித்துக் கூட்டுவது எத்தகைய வேலை என்பதைக் குமாஸ்தாத் தொழில் செய்பவன் நன்கு அறிவான்.

ஏனையோரும் தனித்தனியே உழைத்தனர். கோட்டயத்தில் பிறந்து நம் திருவனந்தபுரத்தில் வளர்ந்து சென்னையில் சட்டம் பயின்ற லில்லி தாமஸ் அம்மையார், ஈராண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற உறுப்பினர் அக்கணமே பதவி இழப்பார் என்ற தீர்ப்பை 2013 ஜூலை 10 அன்று பெற்றார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. வேட்பாளர் தம் சொத்தை மட்டுமன்றி வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பு, "லோக் பிரஹரி" என்னும் அமைப்பின் முயற்சியால் 2018இல் கிடைத்தது. அதை நடத்தியவர் லக்னோவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி எஸ். என். சுக்லா.

சோக்கர் என்னும் மனிதர்

இவர்களுள் ஜகதீப் சோக்கரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கல்வித்துறைக்கு வருமுன் அவர் இந்திய ரயில்வேயில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். பின் அமெரிக்கா சென்று முனைவர் பட்டம் பெற்று, அகமதாபாத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தார். வழக்குகளோடு பழகிப் பழகிச் சட்டமும் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றார். பறவைகளைக் கூர்ந்து நோக்குவது அவருடைய விருப்பம்.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் போன்ற குடும்பங்கள் அவரை நினைப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது நாடு முழுவதும் அடைக்கப்பட்டு, ரயில்கள் நின்று, கூலித் தொழிலாளர்கள் கால்நடையாய் ஊர் திரும்பியதை எவரும் மறந்திருக்க இயலாது. அந்த ஏப்ரல் திங்களில், சோதித்துத் தொற்று இல்லை என்று கண்ட தொழிலாளரை ஊர் திரும்ப விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 75. பணப்பெட்டியின் கணக்கைக் கேட்டவரும், பையில் பணமின்றி நடந்தவருக்காகப் பேசியவரும் ஒருவரே. இரண்டும் வேறு வேறு வேலை என்று அவர் எண்ணவில்லை போலும்.

2025 செப்டம்பர் 12 அன்று தில்லியில் தமது 80ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய உடல் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாக அளிக்கப்பட்டது.

மறைவான நன்கொடை

அவர் கண்டுவிட்டுப் போன பெரிய வெற்றி ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாகத் தேர்தற் பத்திரம் என்னும் ஏற்பாடு வந்தது. கொடுக்க விரும்புவோர் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் பணம் கட்டி ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையுள்ள பத்திரத்தை வாங்கலாம். அதில் வாங்கியவர் பெயர் இராது. கட்சி அதனைப் பதினைந்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்திற்குச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதி இதற்கு இல்லை. நிறுவனங்கள் தம் லாபத்தில் நூற்றுக்கு ஏழரைக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பும் நீக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் தொடக்கத்திலேயே தம் ஐயங்களை எழுத்தில் தெரிவித்திருந்தன. அவை கேட்கப்படவில்லை.

ஏ.டி.ஆர். சங்கமும், ஷோரி நிறுவிய காமன் காஸ் அமைப்பும் 2017 செப்டம்பரில் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. ஷோரி 2005இலேயே மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய வேலை மறையவில்லை. மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டுக் கட்சியும் வழக்கில் சேர்ந்தது.

நீதிமன்றத்திற்கு வெளியிலும் இருவர் உழைத்தனர். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற கமடோர் லோகேஷ் பத்ரா, தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுவுக்கு மேல் மனு எழுதி, அரசு அலுவலகங்களில் உறங்கிய ஏடுகளை வெளிக்கொணர்ந்தோருள் முதன்மையானவர். ஒரு மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். மற்றப்படி வேண்டியது பொறுமை. பூனம் அகர்வால் என்னும் பத்திரிகையாளர் 2018இல் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இரண்டைத் தாமே வாங்கிச் சோதனைச் சாலையில் காட்டினார். வெறுங் கண்ணுக்குத் தெரியாத அடையாள எண் ஒன்று, புறஊதா ஒளியில் தெரிந்தது. குடிமக்களுக்கு மறைவான கணக்கு, வேறு எவருக்கோ தெரியும்படி அமைந்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வழக்கு ஆறாண்டுகளுக்கு மேல் நீண்டது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, அத்திட்டம் அரசியல் அமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தனர். விவரங்களைத் தர வங்கி ஜூன் 30 வரை தவணை கேட்டது. நீதிமன்றம் ஒரே நாள் தவணைதான் கொடுத்தது. மார்ச் 14 அன்று பட்டியல் வெளிவந்தது. 2018 முதல் விற்ற பத்திரங்கள் ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய். மிகுதியாகப் பெற்றது அப்போது மத்தியில் ஆண்டுகொண்டிருந்த பாரதிய ஜனதா கட்சி. பல மாநிலங்களில் ஆண்ட கட்சிகளும் பெற்றன.

அப்பட்டியலில் முதலிடம் பெற்ற கொடையாளி யார் தெரியுமா? கோயம்புத்தூரைச் சார்ந்த ஃபியூச்சர் கேமிங் என்னும் லாட்டரி நிறுவனம்; வாங்கிய பத்திரம் 1,368 கோடி ரூபாய். வங்காளம், தமிழகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் அப்போது ஆண்ட கட்சிகளுக்கும் மத்தியில் ஆண்ட கட்சிக்கும் அப்பணம் சென்றது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் லாட்டரிக்குத் தடை உண்டு. இங்கே விற்பது கேரள அரசே 1967 முதல் நடத்திவரும் லாட்டரி. அதற்கும் இந்நிறுவனத்திற்கும் தொடர்பில்லை. ஆயினும் களியக்காவிளையைக் கடந்து வந்து சீட்டு வாங்கிச் செல்லும் கூலிக்காரரை நாம் அன்றாடம் காண்கிறோம். பிறிதொரு மாநிலத்தில் அவரைப் போன்ற ஏழை ஒருவர் கொடுத்த சிறு காசுகள் சேர்ந்து எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை, சில குடிமக்கள் ஆறாண்டுகள் வழக்காடியிராவிட்டால் நாம் அறிந்திருக்கவே முடியாது.

வேறொரு நாட்டில் ஒரு பாட்டி

இத்தகைய தொண்டு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நம் ஆசிரியர்கள் வழக்குத் தொடுத்த 1999ஆம் ஆண்டின் முதல் நாளில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து டோரிஸ் ஹாடக் என்னும் மூதாட்டி நடக்கத் தொடங்கினார். வயது 88. தேர்தலில் புகும் பெரும்பணத்தைக் கட்டுப்படுத்துக என்பதே அவர் கோரிக்கை. 3,200 மைல் நடந்து 2000 பிப்ரவரி 29 அன்று தலைநகர் வாஷிங்டனை அடைந்தபோது அவருக்கு வயது 90. 2002இல் அந்நாட்டில் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்தது. 2010 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பகுதியைச் செல்லாததாக்கிற்று. அதே ஆண்டு மார்ச்சில், நூறு வயது நிரம்பிய அம்மூதாட்டி மறைந்தார். அங்கே நீதிமன்றம் திறந்துவிட்ட கதவை இங்கே நீதிமன்றம் அடைத்தது. எங்குமே இவ்வேலை ஒரே வெற்றியில் முடிவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

பயன் என்ன?

பாலராமபுரத்துத் தறிக்காரர் ஒருவர், வயதில் மூத்தவர், இவற்றையெல்லாம் நான் சொல்லக் கேட்டுவிட்டு, "தம்பி, எழுதிக் காட்டச் சொன்னார்கள், எழுதிக் காட்டினார்கள். அதனால் வழக்குள்ளவர்கள் குறைந்தார்களா?" என்று வினவினார்.

"இல்லை, அண்ணாச்சி. கூடியிருக்கிறார்கள்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏ.டி.ஆர். சங்கத்தின் கணக்கே அதற்குச் சான்று. தம்மீது குற்ற வழக்கு உண்டு என்று எழுதிக் கொடுத்த மக்களவை உறுப்பினர்கள் 2009இல் 162 பேர், 2014இல் 185, 2019இல் 233, 2024இல் 251. நிலுவையிலுள்ள வழக்கு குற்றம் செய்ததற்குச் சான்று ஆகாது. பொய் வழக்கும் போராட்ட வழக்கும் உண்டு. அவ்வளவையும் கழித்தாலும் இத்தொகை நல்லதன்று. கட்சிகளும் இறங்கி வரவில்லை. தேசியக் கட்சிகள் ஆறும் தகவல் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டவை என்று 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் கூறிற்று. அதன்படி நடந்த கட்சி ஒன்றும் இல்லை.

"பின் எதற்கு இத்தனை பாடு?" என்றார் பெரியவர்.

இருட்டறையில் விளக்கை ஏற்றினால் பாம்பு தானாக ஓடிவிடாது. பாம்பு இருக்கும் இடம் தெரியும், அவ்வளவே. தடி எடுப்பது வீட்டிலுள்ளவர் வேலை. ஆசிரியர்கள் விளக்கை ஏற்றிவிட்டனர். நாமோ கண்ணை மூடிக்கொண்டு, விளக்கினால் பயனில்லை என்கிறோம். வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தை ஒரு முறையாவது படித்தவர் நம் சங்கத்தில் எத்தனை பேர்? பெரியவர் சிரித்தார். படித்ததில்லை என்பதே அச்சிரிப்பின் பொருள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கட்சியின் பெட்டிக்குள் வரும் பணத்தில் ஒரு பகுதி வெளியே வருவது நம் கையை நோக்கித்தான். நம் உறவினர் வாழும் தமிழகத்தில் 2016இல் தஞ்சாவூர், அரவக்குறிச்சித் தொகுதிகளிலும், 2017இல் ஆர். கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் வாக்காளருக்குப் பணம் வழங்கிய காரணத்தால் குறித்த நாளில் தேர்தல் நடைபெறாமல் நின்றது. நாட்டிலேயே முதன்முதலாகப் பணத்தின் பொருட்டு ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நிறுத்தப்பட்டது வேலூரில்தான் என்பது நமக்குப் பெருமை தருவதன்று. உறையை வாங்கிய கை, பின்னர்க் கணக்குக் கேட்க நீளாது.

நம்மால் ஆவது

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் களியக்காவிளைக்கு அப்பால் ஏப்ரல் 19 அன்றும், இப்பால் 26 அன்றும் வாக்குப் பதிவு நடந்தது. அங்கே தங்கை வாக்களித்த ஒரு வாரத்தில் இங்கே தமையன் வாக்களித்தார். இரு குடும்பத்தாரும் தொலைபேசியில் யார் வெல்வார் என்று பேசியிருப்பர். நிற்பவர் யார், அவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பேசியிருப்பார்களா?

இவ்வூரில் நமக்குத் தனியே ஓர் இடர் உண்டு. பத்திரங்கள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. நம் பெரியவர்கள் பலர் மலையாளம் பேசுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார்கள். அறிவிப்புப் பலகையில் தாள் தொங்கினாலும், அவர்களுக்கு அது இருளே. உச்ச நீதிமன்றம் அளித்த உரிமை நம் வாசலுக்கு வந்து, மொழி தெரியாமல் நிற்கிறது. இதனைத் தீர்க்கத் தில்லிக்குப் போக வேண்டியதில்லை.

ஆகவே ஒரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். அடுத்து வரும் தேர்தல் எதுவாயினும், ஊராட்சித் தேர்தலே ஆயினும், வேட்புமனுக்கள் முடிவான பின் நம் தொகுதியில் நிற்பவர் அனைவருடைய பத்திரங்களிலிருந்தும் ஐந்து செய்திகளை மட்டும் தமிழில் எழுதி, நம் படிப்பகத்தின் பலகையில் ஒட்டுவோம்: சொத்து, கடன், வருமானம் வந்த வழி, வழக்கு, கல்வி. எந்தத் தேர்தலின் படிவத்தில் இவற்றுள் எது இல்லையோ, அந்த இடத்தை வெறுமையாய் விடுவோம். யாரையும் புகழ வேண்டா; இகழவும் வேண்டா. ஒருவரைக்கூட விடாமல், ஒரே அளவு எழுத்தில், அவர் எழுதியதை அப்படியே எழுதினால் போதும். கட்சிச் சார்பு என்ற பேச்சுக்கு அப்போது இடமிராது.

தேர்தல் முடிந்த பின் ஒரு வேலை உண்டு. முடிவு வெளியான முப்பது நாளுக்குள் வேட்பாளர் தம் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கேரளத்தில் கிராம ஊராட்சி வார்டு ஒன்றில் நிற்பவர் செலவிடத்தக்க தொகை 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் 25,000 ரூபாய். நகராட்சி வார்டுக்கு 75,000. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் வண்டியும் எத்தனை என்பதைத் தெருவில் நிற்பவர் எவரும் எண்ணலாம். எண்ணியதையும் எழுதப்பட்டதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பெரிய படிப்பு வேண்டும் காரியமன்று. பத்தாம் வகுப்போடு நின்ற என்னாலேயே அது கூடும் எனின், நம் வீட்டுப் பட்டதாரிகளால் கூடாதா?

இவ்வேலைக்கு முதலில் இருவர் தேவை. மலையாளமும் தமிழும் தவறின்றி எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர். எண்களைப் பொறுமையோடு கூட்டத் தெரிந்தவர் ஒருவர். இரண்டாமவர் வேலைக்கு நான் இருக்கிறேன். முதலாமவர், ஆணாயினும் பெண்ணாயினும், அடுத்த மாதக் கூட்டத்திற்கு முன் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்க வேண்டுகிறேன்.